உஷார்! வீட்டிலேயே டீசல் ஃபில்டர் மாற்றப் போகிறீர்களா?

டீசல் கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். 'டீசல் ஃபில்டர் மாற்றுவது பத்து நிமிட வேலை, இதற்கு எதற்கு மெக்கானிக்?' என்று கேட்கும் வீடியோக்கள் செல்போனில் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. பார்த்த சூட்டோடு ஆன்லைனில் ஃபில்டரை வரவழைத்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசலிலேயே பானெட்டைத் திறந்துவிடுகிறார்கள். ஃபில்டரைக் கழற்றி மாட்டுவது உண்மையிலேயே பெரிய வேலை இல்லை. ஆபத்து அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. புது ஃபில்டர் மாட்டியதும் டீசல் லைனுக்குள் காற்று நிற்கும்; வண்டி ஸ்டார்ட் ஆகாது. அந்தக் காற்றை எடுக்க நம் ஊரில் காலங்காலமாகச் செய்துவரும் வழிகளில் சில, இன்றைய காரில் விரலைப் பறித்துவிடும், பம்ப்பைத் தேய்த்து நாசமாக்கிவிடும், சில சமயம் காரையே கொளுத்திவிடும்.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். படித்துவிட்டு ஸ்பேனரை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

பழைய டீசல் வேறு, இன்றைய டீசல் வேறு

அம்பாசிடர் டீசல், பழைய ஜீப், டிராக்டர், லாரி எல்லாவற்றிலும் ஒரு காலத்தில் மெக்கானிக்கல் பம்ப்தான். பெங்களூரு மைக்கோ கம்பெனியின் பெயராலேயே பட்டறைகளில் அதை 'மைக்கோ பம்ப்' என்று சொல்வார்கள். அந்த வண்டிகளில் ஏர் பிடித்தால் ஃபீட் பம்ப்பைக் கையால் அடிப்பார்கள். ஃபில்டர் தலையில் இருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தி நுரை போகும்வரை விடுவார்கள். அப்போதும் மசியாவிட்டால், நாசிலுக்குப் போகும் பைப்பின் நட்டை லேசாகத் தளர்த்திவிட்டு ஒருவர் செல்ஃப் அடிப்பார். காற்றும் டீசலும் கலந்து கக்கும். சுத்தமாக டீசல் வந்ததும் நட்டை இறுக்க, எஞ்சின் பிடித்துக்கொள்ளும். அப்பாவோ, மாமாவோ, ஊர் மெக்கானிக்கோ இப்படிச் செய்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் நம்மில் ஏராளம். அந்த நினைப்போடுதான் இன்றைய காரிலும் கை வைக்கிறோம்.

இன்றைய காரில் இருப்பது காமன் ரெயில். பயணியர் காரில் அது முதலில் விற்பனைக்கு வந்தது 1997இல், ஆல்ஃபா ரோமியோ 156 காரில். நம் ஊரில் அதை வீட்டுக்கு வீடு கொண்டுவந்ததில் பெரும்பங்கு 2007இல் வந்த ஸ்விஃப்ட் டீசலுக்கு உண்டு, ஃபியட்டின் 1.3 லிட்டர் எஞ்சின் அதில் இருந்தது. வண்டியின் பின்புறம் சி.ஆர்.டி.ஐ., டி.டி.ஐ.எஸ்., டி.சி.ஐ., எம்-ஹாக் என்று எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும் உள்ளே இருப்பது இதே ஏற்பாடுதான். ஹை பிரஷர் பம்ப் டீசலை அழுத்தி, ரெயில் என்கிற தடித்த இரும்புக் குழாயில் தேக்கி வைக்கும். அங்கிருந்து இன்ஜெக்டர்கள் எடுத்துக்கொள்ளும்.

அந்த ரெயிலில் இருக்கும் அழுத்தம் எவ்வளவு தெரியுமா? வேகமாகப் போகும்போது 1,600 பார் வரை ஏறும். புதிய எஞ்சின்கள் சிலவற்றில் 2,000 பாரையும் தாண்டும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று ஏறத்தாழ 2.2 பார். அதைப்போல எழுநூறு மடங்குக்கும் மேல். வண்டி சும்மா ஐடிலில் நிற்கும்போதே 250, 300 பார் அளவுக்கு இருக்கும். இந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பைப் நட்டில் கை வைக்காதீர்கள்

காமன் ரெயில் வண்டியில், எஞ்சின் ஓடும்போதோ செல்ஃப் அடிக்கும்போதோ ஹை பிரஷர் பைப்பின் நட்டைத் தளர்த்துவது உயிரோடும் உறுப்போடும் விளையாடுவது. மனிதத் தோலைத் துளைக்க 7 பார் அழுத்தமே போதும் என்கிறார்கள். நட்டின் மரை விளிம்பிலிருந்து முடி இழை போல வரும் டீசல் கண்ணுக்குக்கூடச் சரியாகத் தெரியாது. கையுறை போட்டிருந்தாலும் பயனில்லை; ரப்பர் கையுறையைத் துளைத்துக்கொண்டு தோலுக்குள் போய்விடும்.

இந்தக் காயம் மற்ற காயங்களைப் போல இருக்காது. அதுதான் பயங்கரம். விரல் நுனியில் குண்டூசி குத்தினாற்போல ஒரு புள்ளி இருக்கும். ஒரு சொட்டு ரத்தம் வரும், சில சமயம் அதுவும் வராது. வலியும் ஆரம்பத்தில் பெரிதாக இருக்காது. 'ஏதோ கம்பி குத்திவிட்டது' என்று துணியில் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்வார்கள். உள்ளே போன டீசல் அதே இடத்தில் தங்குவதில்லை. விரலின் தசைநாரைச் சுற்றியிருக்கும் உறையின் வழியாக உள்ளங்கைக்கும், சில சமயம் முன்கைக்கும் பரவிவிடும். சில மணி நேரத்தில் விரல் வீங்கி, விறைத்து, வெளுத்து, மரத்துப்போகும். தாங்க முடியாத வலி அதற்குப் பிறகு வரும். அதற்குள் உள்ளே திசு அழுக ஆரம்பித்திருக்கும். தாமதமானால் விரலை எடுக்க வேண்டிவரும்.

இதற்கு மருந்து மாத்திரை கிடையாது. அறுவை சிகிச்சை செய்து விரலைத் திறந்து, டீசலையும் கெட்டுப்போன திசுவையும் கழுவி அகற்ற வேண்டும். அதுவும் சில மணி நேரத்துக்குள். பக்கத்துத் தெரு கிளினிக்கில் டி.டி. ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து படுத்துவிடாதீர்கள். அறுவை சிகிச்சை வசதி உள்ள பெரிய மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். போனதும், 'அதிக அழுத்தத்தில் டீசல் உடம்புக்குள் போயிருக்கிறது' என்று தெளிவாகச் சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியம் முக்கியம். வெறும் புள்ளியைப் பார்க்கும் மருத்துவருக்கு உள்ளே இருப்பது தெரிய வேறு வழியில்லை. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. மற்ற ஊர்களில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவைக் கேளுங்கள்.

எஞ்சினை நிறுத்திவிட்டால் அழுத்தம் உடனே போய்விடும் என்றும் நம்பாதீர்கள். ரெயிலில் தேங்கிய அழுத்தம் இறங்க நேரம் பிடிக்கும். ஒழுகுகிறதா என்று விரலால் தடவிப் பார்க்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். ஒரு அட்டைத் துண்டைக் கம்பி நுனியில் வைத்துத் தள்ளி நின்று காட்டுங்கள். ஒழுகினால் அட்டை நனையும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: பல கம்பெனிகள் ஹை பிரஷர் பைப்பை ஒருமுறை கழற்றினால் மறுபடி அதையே மாட்டக் கூடாது, புதிது போட வேண்டும் என்கின்றன. ஃபில்டர் மாற்றுவதற்கு அந்தப் பைப்பைத் தொடவே தேவையில்லை.

வறட்டு செல்ஃப் அடிக்காதீர்கள்

ஃபில்டர் மாட்டியாயிற்று. சாவியைத் திருப்புகிறீர்கள். எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. மறுபடி செல்ஃப். மறுபடி. 'சுத்த சுத்த ஏர் தானா போயிடும்ணே' என்று பக்கத்தில் ஒருவர் சொல்வார். இந்த இடத்தில்தான் பல பேருடைய பணம் கரைகிறது.

ஹை பிரஷர் பம்ப்புக்கு, பெரும்பாலான கார்களில், மசகு அதனுள் ஓடும் டீசல்தான். எஞ்சின் ஆயில் அங்கே போவதில்லை. உள்ளே இருக்கும் பாகங்களுக்கு இடையிலான இடைவெளி சில மைக்ரான்தான். நம் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்றால் அது எவ்வளவு நெருக்கம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். டீசல் வராமல் காற்று மட்டும் வரும்போது அந்த பம்ப் சுற்றினால் இரும்போடு இரும்பு உரசும்.

டீசலும் முன்பு போல இல்லை. பி.எஸ். 3 காலத்தில் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 350 பங்குவரை இருக்கலாம். பி.எஸ். 4இல் அது 50 ஆனது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6இல் வெறும் 10. காற்று மாசுக்கு இது மிக நல்லது. ஆனால் கந்தகத்தை எடுக்கும்போது டீசலில் இயற்கையாக இருந்த வழுவழுப்பும் கொஞ்சம் போய்விடுகிறது. அதை ஈடுகட்ட ரீஃபைனரியில் மருந்து கலக்கிறார்கள். அந்த டீசல் பம்ப்பில் இருக்கும்வரை பாதுகாப்பு உண்டு. டீசலே இல்லாமல் சுற்றினால் அந்தப் பாதுகாப்பும் இல்லை.

உரசிய பம்ப்பைப் பட்டறையில் கழற்றும்போது அதிலிருக்கும் டீசலை வெள்ளைத் துணியில் ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள். வெயிலில் பிடித்தால் ஜிகினாத் தூள் போல மின்னும். அத்தனையும் இரும்புப் பொடி. அது பம்ப்போடு நிற்காது. ரெயிலுக்குப் போகும், நான்கு இன்ஜெக்டருக்கும் போகும், ரிட்டன் லைன் வழியாக டேங்க்குக்கே திரும்பிப் போகும். அதற்குப் பிறகு பம்ப்பை மட்டும் மாற்றினால் புது பம்ப்பும் அதே பொடியைக் குடிக்கும். பம்ப், ரெயில், இன்ஜெக்டர், பைப் எல்லாவற்றையும் மாற்றி, டேங்க்கையும் இறக்கிக் கழுவ வேண்டியதுதான். ஃபில்டர் விலை சில நூறு முதல் இரண்டாயிரம் ரூபாய் சொச்சம். இந்த வேலைக்கு ஒரு லட்சத்தைத் தாண்டுவது சாதாரணம்.

பெரிய கம்பெனிகளே இதில் சிக்கியிருக்கின்றன. ஹை பிரஷர் பம்ப் பழுதாகி, ஓடும்போதே எஞ்சின் நின்றுவிடும் அபாயம் இருக்கிறது என்று 2021இல் அமெரிக்காவில் ராம் பிக்கப் வண்டிகள் இரண்டு லட்சத்துக்கும் மேல் திரும்ப அழைக்கப்பட்டன. அது தயாரிப்பிலேயே வந்த சிக்கல். நல்ல பம்ப்பை நாமே வறட்டு செல்ஃப் அடித்து அந்த நிலைக்குக் கொண்டுபோக வேண்டுமா?

எனவே, ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். இடையில் ஒரு நிமிடமாவது விடுங்கள். மூன்று தடவையில் பிடிக்கவில்லை என்றால் நிறுத்துங்கள். காற்று இன்னும் இருக்கிறது, அல்லது எங்கோ உறிஞ்சுகிறது என்று அர்த்தம். தள்ளி ஸ்டார்ட் செய்வதும், இன்னொரு வண்டியில் கயிறு கட்டி இழுப்பதும் வேண்டவே வேண்டாம். அது பம்ப்பை இன்னும் வேகமாக வறட்டில் சுற்றவைக்கும்.

டேங்க் காலியாகி வண்டி நின்றாலும் இதே கதைதான். கேனில் டீசல் வாங்கி ஊற்றிவிட்டு உடனே செல்ஃப் அடிக்கிறவர்கள் இதையும் நினைவில் வையுங்கள். ரிசர்வ் விளக்கு எரிந்த பிறகும் 'இன்னும் முப்பது கிலோமீட்டர் போகும்' என்று ஓட்டுவது டீசல் காருக்குக் கூடாத பழக்கம்.

புது ஃபில்டரில் கேன் டீசலை ஊற்றாதீர்கள்

காற்று நிற்காமல் இருக்கப் புது ஃபில்டரை டீசல் ஊற்றி நிரப்பிவிட்டு மாட்டச் சொல்வார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஃபில்டரில் இரண்டு பக்கம் உண்டு. டீசல் நுழையும் பக்கம் ஒன்று, வடிகட்டி முடிந்து வெளியேறும் பக்கம் ஒன்று. நடுவில் இருக்கும் பெரிய துளை பெரும்பாலும் வெளியேறும் பக்கம். ஊற்ற வசதியாக இருக்கிறதே என்று அதில்தான் ஊற்றுவார்கள். அந்த டீசல் வடிகட்டப்படாமல் நேராக பம்ப்புக்கும் இன்ஜெக்டருக்கும் போகும்.

காமன் ரெயில் ஃபில்டர் சில மைக்ரான் தூசியையும் தடுக்கும்படி செய்யப்பட்டது. நீங்கள் ஊற்றும் கேனின் அடியில், புனலில், அதைத் துடைத்த துணியில் இருக்கும் தூசி அதைவிடப் பல மடங்கு பெரியது. ஃபில்டர் எதற்காக இருக்கிறதோ அந்த வேலையையே கெடுத்துவிட்டு மாட்டுகிறோம். கை பம்ப்போ டேங்க் பம்ப்போ இருக்கும் வண்டியில் ஊற்றவே தேவையில்லை; அதுவே டீசலை நுழையும் பக்கம் வழியாக நிரப்பிவிடும்.

'டீசல் தீப்பிடிக்காது' என்பது பொய்

பெட்ரோலைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் டீசலைப் பார்த்துப் பயப்படுவதில்லை. நம் நாட்டு டீசலுக்கான தரக்குறிப்பு ஐ.எஸ். 1460. அதன்படி டீசலின் ஃபிளாஷ் பாயின்ட், அதாவது தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி கிளம்பும் வெப்பநிலை, குறைந்தபட்சம் 35 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும். வேலூரிலும் கரூரிலும் திருச்சியிலும் சித்திரை, வைகாசி வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. அந்த வெயிலில் சிமென்ட் தரையில் சிந்திய டீசல் தீப்பிடிக்கத் தயாராகவே இருக்கலாம்.

எஞ்சின் அறைக்குள் நிலைமை இன்னும் மோசம். ஓடி வந்து நின்ற வண்டியின் டர்போவும் சைலன்சர் குழாயும் கொதித்துக்கொண்டிருக்கும். அதன்மேல் டீசல் தெறித்தால் தீப்பொறியே தேவையில்லை, அந்தச் சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். இதனால்தான் சூடான எஞ்சினில் ஃபில்டரைத் திறக்கவே கூடாது. ஆல்டர்னேட்டர், ஒயர்கள், பெல்ட் இவற்றின் மேலும் டீசல் வடியக் கூடாது. ரப்பர் டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினில் அந்த பெல்ட் டீசலில் ஊறினால் பிற்பாடு அறுந்து எஞ்சினையே காலி செய்யும்.

வேலை செய்யும் இடத்தில் பீடி, சிகரெட், ஊதுவத்தி, வாட்டர் ஹீட்டர் அடுப்பு எதுவும் இருக்கக் கூடாது. கார் நிறுத்தும் இடத்திலேயே பூஜைக்குக் கற்பூரம் ஏற்றும் வீடுகளில் கூடுதல் கவனம். பக்கத்தில் ஒரு பக்கெட் மணலும், முடிந்தால் ஒரு தீயணைப்பு சிலிண்டரும் வையுங்கள். டீசல் தீயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். டீசல் தண்ணீரின் மேல் மிதந்து தீயோடு பரவும்.

வாய் வைத்து உறிஞ்சாதீர்கள்

டியூபை டேங்க்கில் விட்டு வாயால் உறிஞ்சி டீசல் எடுப்பதை நெடுஞ்சாலை ஓரத்தில் இன்றும் பார்க்கலாம். வயிற்றுக்குள் போகும் டீசலைவிட நுரையீரலுக்குள் போகும் டீசல் பல மடங்கு ஆபத்தானது. ஒரு மடக்கு புரையேறினால் போதும், நுரையீரல் வெந்து நிமோனியா மாதிரி மூச்சுத்திணறல் வரும். குடித்துவிட்டவரை வாந்தி எடுக்கவைக்காதீர்கள். வாந்தியோடு வரும் டீசல் நுரையீரலுக்குள் போய்விடும். 108ஐக் கூப்பிட்டு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

வடித்த டீசலைத் தண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்ஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். தாகத்தோடு ஓடிவரும் குழந்தைக்கு அது என்னவென்று தெரியாது.

ஸ்டார்ட் ஆக 'ஸ்ப்ரே' அடிக்காதீர்கள்

ஸ்டார்ட் ஆகாத டீசல் எஞ்சினில் ஏர் ஃபில்டரைத் திறந்து ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிப்பதும், பெட்ரோலில் நனைத்த துணியைக் காற்று போகும் வாயில் பிடிப்பதும் இன்னும் நடக்கிறது. இன்றைய டீசல் எஞ்சினில் குளோ பிளக் தீக்கங்காகச் சிவந்து நிற்கும். அந்த ஸ்ப்ரே நேரங்கெட்ட நேரத்தில் வெடித்து பிஸ்டனை உடைக்கும், இன்டேக் குழாயைப் பிளக்கும், முகத்தில் தீ பாயும். காற்று பிடித்த வண்டிக்குத் தேவை டீசல். ஸ்ப்ரேயால் அந்தக் காற்று ஒரு துளியும் வெளியே போகாது.

நடுரோட்டில் நின்றுபோனால்?

இதைப் பலர் யோசிப்பதே இல்லை. ஓ-ரிங் சரியாக உட்காராத ஃபில்டர், வீட்டு வாசலில் நன்றாகவே ஸ்டார்ட் ஆகும். டீசல் டேங்க்கிலிருந்து உறிஞ்சப்படும் வண்டிகளில் அந்த இடுக்கு வழியாக டீசல் வெளியே ஒழுகாது. காற்று உள்ளே போகும். அதனால் தரையில் ஒரு சொட்டுக்கூடத் தெரியாது. ஆக்சிலேட்டரை அழுத்தி வேகம் எடுக்கும்போது காற்று அதிகமாக இழுக்கப்பட்டு, எஞ்சின் திக்கித் திணறி நின்றுபோகும். அது ஜி.எஸ்.டி. சாலையில் லாரிகளுக்கு நடுவே நடக்கலாம். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலை ஏற்றத்தில் நடக்கலாம்.

எஞ்சின் நின்றால் பிரேக்குக்கு உதவும் வேக்வம் பம்ப்பும் நின்றுவிடும். மிச்சமிருக்கும் வேக்வத்தில் ஓரிரு முறைதான் பிரேக் லகுவாகப் பிடிக்கும். பிறகு பெடல் கல்லாகிவிடும். பல வண்டிகளில் ஸ்டீயரிங்கும் கனத்துவிடும். அப்படி நேர்ந்தால் பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காதீர்கள், ஒரே அழுத்தாக அழுத்திப் பிடியுங்கள். சாவியைப் பிடுங்கிவிடாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். அபாய விளக்கைப் போட்டு ஓரம் கட்டுங்கள்.

ஃபில்டர் மாற்றிய அன்றே குடும்பத்தோடு வெளியூர் கிளம்பாதீர்கள். 'நாளைக்குத் திருப்பதி போகணும், இன்னைக்கு ஃபில்டரை மாத்திடலாம்' என்கிற அவசரம்தான் வேண்டாம் என்கிறேன்.

செய்தே தீர வேண்டும் என்றால்

சில வண்டிகளில் இந்த வேலையை வீட்டில் பத்திரமாகச் செய்ய முடியும். ஆனால் முறை தப்பக் கூடாது.

முதலில் வண்டியோடு வந்த கையேட்டைப் படியுங்கள். காற்றை எடுக்க உங்கள் வண்டியில் என்ன ஏற்பாடு என்று தெரிந்துகொள்ளுங்கள். பழைய இன்னோவாவில் இருப்பது போல ஃபில்டர் தலையில் அழுத்தும் கை பம்ப் இருக்கலாம். டஸ்டர் போன்ற வண்டிகளில் டீசல் குழாயின் நடுவே ரப்பர் குமிழ் இருக்கலாம். சிலவற்றில் டேங்க்குக்குள் மின்சார பம்ப் இருக்கும். ஸ்கேனர் இணைத்தால்தான் காற்றை எடுக்க முடியும் என்றால், அந்த வண்டியில் வீட்டில் கை வைக்க வேண்டாம்.

இரவெல்லாம் நின்று ஆறிய எஞ்சினில், சமதளத்தில், ஹேண்ட் பிரேக் போட்டு வேலை செய்யுங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டி என்றால் சாவியை வீட்டுக்குள் தள்ளி வையுங்கள். பேட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்றுங்கள். ஃபில்டர் வண்டிக்கு அடியில் இருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பி, செங்கல்லை அடுக்கி உள்ளே போகாதீர்கள். அந்த வேலையைப் பட்டறைக்கு விட்டுவிடுங்கள்.

கழற்றுவதற்கு முன்னால் ஃபில்டரின் வெளிப்புறத்தையும் குழாய்களின் முனையையும் பிரஷ்ஷால் தூசி போகத் துடையுங்கள். நூல் உதிரும் பனியன் வேஸ்ட்டைத் திறந்த வாயின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். எந்தக் குழாய் எங்கே போகிறது என்று செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் லாக்கை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள். உடைந்தால் குழாயையே மாற்ற வேண்டும். கழற்றிய முனைகளைச் சுத்தமான பிளாஸ்டிக் மூடியால் மூடுங்கள். அடியில் ஒரு தட்டு வைத்து வழியும் டீசலைப் பிடியுங்கள்.

பழைய ஓ-ரிங் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஓ-ரிங் இருந்தால் முதல் ஏற்றத்திலேயே ஒழுகும். புது ஓ-ரிங்கில் சுத்தமான டீசலைத் தடவி, முறுக்கிக்கொள்ளாமல் உட்காரவையுங்கள். பழைய ஃபில்டரில் தண்ணீர் சென்சார் இருந்தால் அதைப் பத்திரமாகப் புதியதில் மாட்டுங்கள். ஃபில்டரில் போட்டிருக்கும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். பலம் காட்டினால் பிளாஸ்டிக் மரை விரிசல் விடும்.

பிறகு காற்றை எடுங்கள். கை பம்ப் என்றால் கைக்குக் கெட்டியாகும்வரை அழுத்துங்கள். டேங்க் பம்ப் என்றால் பேட்டரியை மாட்டி, சாவியை ஆன் வரை மட்டும் திருப்பி, பம்ப் சத்தம் நின்றதும் ஆஃப் செய்யுங்கள். இதை ஐந்தாறு முறை செய்த பிறகுதான் செல்ஃப். ஸ்டார்ட் ஆனதும் உறுமவிடாமல் பத்துப் பதினைந்து நிமிடம் ஐடிலில் விடுங்கள். டார்ச் அடித்து ஒழுகல் பாருங்கள். தெருவுக்குள்ளேயே கொஞ்ச தூரம் ஓட்டி, அணைத்து, மறுபடி பாருங்கள். மறுநாள் காலையிலும் பாருங்கள்.

சிந்திய டீசலை மணல், மரத்தூள், உமி போட்டு உறிஞ்சுங்கள். சாக்கடையில் கழுவிவிடாதீர்கள். பழைய ஃபில்டரைக் குப்பையில் போடாமல் பட்டறையில் கொடுங்கள்.

ஃபில்டர் வாங்கும்போதும் உஷார். விலை பாதியாக இருக்கிறதே என்று போலியை வாங்கினால், உள்ளே இருக்கும் காகிதம் ஊறிப் பிய்ந்து அதுவே பம்ப்புக்குள் போகும். கம்பெனியின் அதிகாரப்பூர்வ கடையில், பாக்கெட் பிரிக்காமல், உங்கள் வண்டியின் பாக எண்ணைச் சரிபார்த்து, பில்லோடு வாங்குங்கள்.

டாஷ்போர்டில் நீர்த்துளி போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தால் ஃபில்டரில் தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று அர்த்தம். மழைக்காலத்தில் இது அதிகம். அந்த விளக்கோடு ஒரு வாரம் ஓட்டினால் தண்ணீர் இன்ஜெக்டரைத் துருப்பிடிக்க வைக்கும். விளக்கு எரிந்த அன்றே பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

வாரன்ட்டியில் இருக்கும் வண்டியை வீட்டில் திறக்கவே வேண்டாம். நாளைக்கு பம்ப் போனால் கம்பெனி கை விரிக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ டாக்ஸி ஓட்டும், டெம்போ ஓட்டும், பழைய டீசல் வண்டியில் கைதேர்ந்த ஒருவர் கட்டாயம் இருப்பார். இந்த விஷயத்தை அவரிடம் சொல்லுங்கள். அனுபவம் உள்ளவர்தான் பழைய பழக்கத்தில் முதலில் நட்டில் கை வைப்பார். ஓடும் எஞ்சினில் பைப் நட்டைத் தொடாதீர்கள். வறட்டு செல்ஃப் அடிக்காதீர்கள். விரலில் ஊசிமுனைப் புள்ளி விழுந்தால் அந்த நிமிடமே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மூன்று தடவையில் வண்டி பிடிக்காவிட்டால் சாவியை எடுத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அவர் கேட்கும் கூலி, இழக்கப்போகும் விரலோடும் பம்ப்போடும் பார்த்தால் ஒன்றுமே இல்லை.